ஹெலன் கொண்டுவந்த முதல் பரிசு

அந்த உறைகளை ஹெலன் கண்ணால் பார்க்கவே வேண்டாம். தபால் பைக்குள் கையை விட்டால் விரலுக்கே தெரிந்துவிடும். உள்ளே சுரண்டுகிற அட்டை ஒன்று விறைப்பாக இருக்கும். மேலே ஒட்டுத்தாளில் பெயரும் விலாசமும் அச்சாகியிருக்கும். அனுப்பியவர் என்ற இடத்தில் எங்கோ வடக்கே ஒரு பெரிய ஊரின் பெயரும் ஒரு செல்போன் நம்பரும் இருக்கும், தெருப் பெயர் மட்டும் இருக்காது. திருப்போரூரிலிருந்து பஸ்ஸில் வரும் பையில் மாதத்துக்கு ஒன்றிரண்டாவது இப்படி வந்து சேர்ந்துவிடுகின்றன. ஒவ்வொரு தடவையும் ஹெலன் ஒரு பெருமூச்சு விடுவாள். பிறகு முத்திரை குத்துவாள். பேர் போட்டு வந்ததைப் பேருக்குரியவரிடம் கொடுப்பதுதான் அவள் வேலை. அவள் பிரித்துப் பார்க்கவும் கூடாது, கிழித்துப் போடவும் கூடாது.

திருப்போரூருக்கும் நெம்மேலிக்கும் நடுவே கால்வாயை ஒட்டிய சின்ன ஊர் அது. தபால் ஆபீஸ் என்பது வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை. அதில் எல்லாமே ஹெலன்தான். பையைப் பிரிப்பதும் அவள், சேமிப்புக் கணக்கில் பணம் போட்டு எடுத்துக் கொடுப்பதும் அவள், மதியத்துக்கு மேல் எக்ஸ்எல் வண்டியில் ஏறி வீடு வீடாகப் போவதும் அவள். கணவன் பெஞ்சமின் கல்பாக்கத்தில் ஒப்பந்த வேன் ஓட்டுகிறான். காலையில் போனால் இருட்டித்தான் திரும்புவான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஹெலனுக்கு வெயிலும் தெரியாது, மேடு பள்ளமும் தெரியாது. இப்போது நாற்பத்தெட்டு வயதில் வண்டியை ஸ்டாண்டு போடும்போதெல்லாம் வலது முட்டி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் அடங்குகிறது.

தபாலில் சும்மா பணம் வராது என்று வேறு ஊரில் சொன்னால் ஜனங்கள் தலையாட்டுவார்கள். இந்த ஊரில் சொல்லிப் பாருங்கள். ரோட்டை அகலப்படுத்த நிலம் எடுத்தபோது முனிசாமி வீட்டுக்கு ஒரு பழுப்பு உறை வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தவள் ஹெலன். அந்த உறைக்குப் பின்னால் வந்ததுதான் இன்றைக்கு நிற்கிற மாடி வீடும் வாசலில் இருக்கிற காரும். இன்னும் ஏழெட்டு வீடுகளுக்கும் அப்படி வந்தது. எல்லாமே ஊர்ப்பக்கம். காலனியில் யாருக்கும் ஒரு சென்ட் நிலம்கூட இருந்ததில்லை, அதனால் ஒரு உறையும் வரவில்லை. ஹெலன் வீடும் காலனியில்தான். அத்தனை உறைகளையும் சுமந்து கொடுத்துவிட்டு வெறும் பையோடு அவள் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறாள். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை.

ஏமாற்றுக்காரர்களுக்கு இதைவிட வாட்டமான ஊர் கிடைக்குமா? முனிசாமியின் மனைவி ராஜத்துக்குப் போன வருஷம் முதல் பரிசு வந்தது. கொடுக்கும்போதே ஹெலன் எச்சரித்தாள்.

"ம்மா, இது நம்பற லெட்டர் இல்ல. எவனாச்சும் டப்பு கட்டச் சொன்னா கட்டிடாதீங்க."

"எங்க வூட்டுக்குத் தபால்ல பணம் வர்றது உனுக்கு இன்னா புதுசா?" என்றாள் ராஜம்.

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. முதலில் வரி என்று கட்டினாள், அப்புறம் இன்சூரன்ஸ் என்று கட்டினாள், கடைசியில் வண்டிச் செலவு என்றும் கட்டினாள். கையில் இருந்த இரண்டு வளையல் போனதும் அந்த நம்பரும் அணைந்துபோனது. புருஷனிடம் சொல்ல முடியாத கோபத்தை எங்கேயாவது இறக்க வேண்டுமே. "கொண்டாந்து குடுத்தவ நீதானே" என்று ஹெலனைக் கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டுத் தபாலை ஹெலன் கேட்டிலேயே செருகிவிட்டு வருகிறாள்.

இந்தப் புரட்டாசியில் அந்த விறைப்பான உறை காலனிக்கே வந்தது. தேவசகாயம் பேருக்கு.

ப்ளாட் போட்ட இடமொன்றில் வாட்ச்மேனாக இருந்து ஓய்ந்தவர் அவர். மனைவி செல்லம்மா மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் துணி துவைக்கப் போகிறாள். அவர்கள் வீட்டுக் கூரை மூன்று இடத்தில் ஒழுகும். மழைக்கு முன்னால் புது ஷீட் போட வேண்டும் என்று செல்லம்மா மாதாமாதம் கட்டிய பணம் தேவசகாயத்தின் தபால் கணக்கில் இருந்தது. அது எவ்வளவு என்று ஹெலனுக்கு மனப்பாடம். அவள் கையால் வரவு வைத்ததுதானே.

"இங்கிலீசுல போட்டுகீது. இன்னான்னு படி" என்றார் தேவசகாயம்.

"மிஸ்டர் வி. தேவசகாயம்."

"மிஸ்டரா?" என்று கேட்டு உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாமா, இது ஏமாத்து லெட்டரு. கிழிச்சிப் போட்டுடுங்க."

"பிரிக்கவே இல்ல. அதுக்குள்ள உனுக்கு எப்டித் தெரியும்?"

"டிவியில பார்த்து முட்டிக்கு எண்ண வாங்குனீங்களே, அப்பக் குடுத்த பேரு விலாசம் எவன் கையிலயோ போய்கீது. அந்தப் பேர வச்சித்தான் அனுப்பறான். பாருங்க, பரிசுன்னுவான். அப்புறம் மொதல்ல நீங்க கட்டணும்னுவான். குடுக்கறவன் எங்கியாச்சும் நம்மகிட்ட கேப்பானா?"

அவர் காதில் வாங்கவில்லை. ஒரு ரூபாய் நாணயத்தால் அட்டையைச் சுரண்டினார். பன்னிரண்டு லட்சத்து ஐம்பதாயிரம், முதல் பரிசு. அவர் முகத்தைப் பார்க்க ஹெலனுக்குச் சகிக்கவில்லை. "வரிய பரிசுலயே புடிச்சிக்கினு மீதிய குடுங்கன்னு அவன்கிட்ட கேளுங்க மாமா. அது ஒண்ணு மட்டும் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

மறுநாள் காலை ஆபீஸ் திறந்ததும் அவர் வந்து நின்றார். கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் பாஸ்புக் இருந்தது.

"கேட்டேன் ஹெலனு. அப்டி ரூல்ஸ்ல எடமில்லியாம். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பதினெட்டாயிரம் கட்டணுமாம். இன்னா மருவாதியா பேசறான் தெரியுமா? வார்த்தைக்கு வார்த்த சார்ன்றான். என்னை யாருமா இதுவரிக்கும் சார்னு கூப்ட்டான்?"

"அத்தைக்குத் தெரியுமா?"

"யாராண்டயும் சொல்லக் கூடாதுன்னான். உன்னாண்ட சொல்றன்னா, நீ கொண்டாந்தவ."

"நல்ல காசுன்னா அத ஏன் மாமா சொல்லக் கூடாது?"

தேவசகாயத்தின் குரல் தணிந்தது.

"முனிசாமிக்கு நீ கொண்டாந்தது நெசந்தானே? அந்தப் பக்கம் அத்தினி வூட்டுக்கும் கொண்டாந்த. எல்லாம் நெசம். நம்ம பக்கம் ஒரு வூட்டுக்கும் வர்ல. நானும் வாசல்ல குந்திக்கினு நீ தாண்டிப் போறதப் பார்த்துகினுதானே இருந்தேன். இப்ப ஒண்ணு வந்துகீது. அதையும் வாணான்றியா நீ?"

ஹெலனுக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் சங்கடப்படுவார் என்று குனிந்து மேசை டிராயரை இழுத்து எதையோ தேடினாள். ஏமாற்றுக்காரனிடம் வாதாடலாம், இவரிடம் எப்படி வாதாடுவது? பணம் அவருடையது. கேட்டால் கொடுத்தாக வேண்டும். படிவத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டிவிட்டார். இத்தனை வருஷத்தில் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.

"நெட் இல்ல மாமா" என்றாள். "மூணு மணிக்கு வாங்க."

அன்றைக்குத் தபால் சுற்றை முதலில் ஊர்ப்பக்கம் தொடங்கினாள். முனிசாமி வீட்டுக் கேட்டில் எதையும் செருகாமல் தாழ்ப்பாளைத் தட்டினாள். ராஜம் வெளியே வந்தாள், படியிறங்கவில்லை.

"அந்தப் பரிசு லெட்டர வச்சினுகீறீங்களாம்மா?"

"இன்னாத்துக்கு?"

ஹெலன் விஷயத்தைச் சொன்னாள். பேரைச் சொல்லவில்லை. காலனியில் ஒருத்தர், கூரைக்கு வைத்திருக்கும் பணம், சாயங்காலம் ஐந்து மணி, அவ்வளவுதான்.

"போனாப் போவட்டும். எனுக்கு யாரு வந்து சொன்னாங்க?"

"நான் சொன்னேம்மா."

ஹெலன் கெஞ்சவில்லை. கெஞ்சுவதற்கும் தெம்பு வேண்டும். மூணு மணிக்கு ஆபீசுக்கு வருவார் என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை உதைத்தாள். மீதி வீடுகளுக்குப் போகும்போது எந்தத் தெருவில் எதைக் கொடுத்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. மனசு மூணு மணியிலேயே நின்றது. இன்னொரு தடவை நெட் இல்லை என்றால் அவர் திருப்போரூர் பஸ் ஏறிவிடுவார்.

மூணு மணிக்கு முன்னதாகவே தேவசகாயம் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கணக்கில் பணம் எடுக்கிற கைமெஷினை ஹெலன் எடுத்து வைத்தாள். அது பளிச்சென்று எரிந்தது. அவர் அதைப் பார்த்தார், அவளையும் பார்த்தார். காலையில் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அது அவளுக்கும் தெரிந்தது. படிவத்தை எடுத்து எண்களைத் தட்டத் தொடங்கினாள்.

வாசலில் நிழல் விழுந்தது. முந்தானையால் தலையை மூடிக்கொண்டு ராஜம் உள்ளே வந்தாள். வீட்டிலிருந்து இந்த ஆபீசுக்கு அவள் இதுவரை வந்ததே இல்லை. இடுப்பில் செருகியிருந்த உறையை எடுத்தபோது அதிலிருந்து நாலைந்து அரிசி உதிர்ந்தது. அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்திருந்தாள் போலும்.

"நீயா?" என்றாள் தேவசகாயத்தைப் பார்த்து. திரும்பிப் போய்விடுவாளோ என்று ஹெலன் பயந்தாள். ராஜம் போகவில்லை. தன் அட்டையை மேசைமேல் வைத்தாள். "உன்னுத எடு."

அவர் தன் அட்டையைப் பக்கத்தில் வைத்தார். அதே கார் படம், அதே சிவப்பு முத்திரை, அதே கோணல் கையெழுத்து. பன்னிரண்டு லட்சத்து ஐம்பதாயிரம், முதல் பரிசு.

"மூணு தபா கட்டுனேன்" என்றாள் ராஜம். "என்னையும் மேடம் மேடம்னுதான் கூப்ட்டான். எங்க வூட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிஞ்சா வூட்டுல இருக்க முடியாது. நீ வாயத் தெறந்துடாத."

தேவசகாயம் இரண்டு அட்டைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை ஹெலன் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"உங்க வூட்டுக்கு வந்ததே எனுக்கும் வந்துகீதும்மா" என்றார். "இதான் மொதோ தபா."

ராஜம் தன் அட்டையை எடுத்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு வெளியேறினாள். தேவசகாயம் மேசைமேல் இருந்த படிவத்தை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பாஸ்புக்கையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார். அஞ்சு மணிக்கு அவர் செல்போன் அடித்து அடித்து ஓய்ந்ததாகச் செல்லம்மா பிற்பாடு சொன்னாள்.

ராஜம் மறுநாளும் பேசவில்லை, அதற்கு மறுநாளும் பேசவில்லை. ஹெலன் எதிர்பார்க்கவும் இல்லை. தபாலைக் கேட்டில் செருகினாள், அடுத்த வீட்டுக்குப் போனாள். சாயங்காலம் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே பெஞ்சமினிடம் நடந்ததைச் சொன்னாள். "விடு, காசு தப்பிச்சிதே" என்றான் அவன். காசு தப்பித்தது நிஜம்தான். ஆனாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை. ஒரு மனிதர் இத்தனை வருஷம் வாசலில் உட்கார்ந்து காத்திருந்ததை அவள் கையாலேயே பொய்யாக்கியது போல இருந்தது.

ஐப்பசி பிறப்பதற்குள் அந்த விறைப்பான உறை இன்னொன்று வந்தது. பேரைப் பார்த்ததும் ஹெலன் அதைப் பையின் அடியில் தள்ளினாள். வழியில் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டும்போது, இதைத் தண்ணீரில் போட்டால் யாருக்குத் தெரியும் என்றுகூடத் தோன்றியது. போடவில்லை. அவர் பேருக்கு வந்தது.

தேவசகாயம் வீட்டில் கூரை வேலை நடந்துகொண்டிருந்தது. மேலே கொத்தனார் புது ஷீட்டைப் பொருத்த, அவர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். செல்லம்மா அன்றைக்கு வேலைக்குப் போகாமல் பழைய ஷீட் துண்டுகளை ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஹெலன் உறையை நீட்டியதும் அவர் பார்வையிலேயே கண்டுகொண்டார்.

"அதேவா?"

"அதே மாதிரிதான் கீது மாமா."

"வாணாம்னா இன்னா செய்யணும்?"

"வாணாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா நான் திருப்பி அனுப்பிடுவேன்."

ஏணியைச் செல்லம்மாவிடம் விட்டுவிட்டு லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஹெலன் பேனாவைக் கொடுத்தாள். அவர் உடனே வாங்கவில்லை.

"மேல இன்னா போட்டுகீது? பேர மட்டும் ஒரு தபா படி."

"மிஸ்டர் வி. தேவசகாயம்."

அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

"இன்னொரு தபா படிமா."

ஹெலன் இன்னும் கொஞ்சம் உரக்கப் படித்தாள். அவர் பேனாவை வாங்கி உறையின்மேல் வேண்டாம் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.