பச்சைக்கு மேலே நீலம்

அந்த லொறி எங்கள் வீட்டு வளவுக்குள் வந்து நின்றது 1979ஆம் ஆண்டு மாரியில். மாமா அதை 1980 என்று சாதிப்பார். மட்டக்களப்பைச் சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருடம் என்பதையும், நான் அப்போது நாலாம் வகுப்பில் இருந்தேன் என்பதையும் வைத்து நான் கணக்குப் பார்த்திருக்கிறேன். கார்த்திகை மாதம். வயலில் நெல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. ஆனாலும் ஆண்டைப் பற்றி மாமாவோடு நான் இப்போது வாதாடுவதில்லை. லொறியை வாங்கியவர் அவர். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றவள் மட்டும்தான்.

மாமா அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து முத்தையன்கட்டுக் குடியேற்றத்துக்கு அப்பாவும் அம்மாவும் வந்தபோது கூடவே வந்தவர். படையினர் கழித்துவிட்ட பழைய வாகனங்களைத் தெற்கில் எங்கோ ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை. அரிவி வெட்டு முடிந்ததும் நெல்லைச் சூட்டுக்களத்திலிருந்து ஏற்றுவதற்குக் குடியேற்றத்தில் எல்லாருக்கும் வண்டில்தான். நல்ல லொறி ஒன்று இருந்தால் எங்கள் நெல்லும் ஏறும், ஊர் நெல்லும் ஏறும் என்று அப்பாவை உருவேற்றினார். கடைசியில் அப்பா தன் பங்குக்கு வண்டிலையும் இரண்டு எருதுகளையும் விற்றுவிட்டார்.

லொறியை ஓட்டிக்கொண்டு வந்தவரை நாங்கள் றைவர் அண்ணை என்போம். மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்து லொறி ஓட்டியவர். எழுபத்தேழாம் ஆண்டு தமிழரை அடித்து விரட்டிய கலவரத்துக்குப் பிறகு மனைவி பிள்ளைகளோடு வன்னிக்கு வந்து, வாய்க்காலுக்கு மற்றப் பக்கம் கொட்டில் போட்டிருந்தார். அதிகம் கதைக்கமாட்டார்.

லொறி வருவதற்கு முன் அதன் சத்தம் வந்தது. பனிக்காலத்து இருமல் போல அடிவயிற்றிலிருந்து எழும் சத்தம். பிறகு பாலை மரங்களுக்கு நடுவே முகம் தெரிந்தது. மூக்குச் சப்பையான முகம், தகட்டால் பாதி மூடிய லாம்புக் கண்கள், என் நெஞ்சளவு உயரச் சில்லுகள். உடம்பு முழுக்கக் காட்டுப் பச்சை. எல்லாவற்றையும்விட, றைவர் இருக்கும் இடத்துக்கு மேலே கூரையில் ஒரு வட்ட ஓட்டை இருந்தது. அதற்கு ஒரு இரும்பு மூடி, சுற்றிவர ஏதோ பாரமானதைப் பூட்டித் திருப்புகிற ஒரு வளையம். ஆசனத்தில் ஏறி நின்று அந்த ஓட்டையால் தலையை வெளியே நீட்டினால் வயல், வாய்க்கால், குளத்துக் கட்டு எல்லாம் எனக்குக் கீழே கிடந்தன. அந்த உயரத்தில் நின்றபோது உலகம் என்னைக் கேட்டுத்தான் நடக்கிறது என்று தோன்றியது.

“பொம்பிளைப் பிள்ளை லொறிக்கு மேலை ஏறி நிக்கிறதோ? இறங்கடி கீழை!” என்று அம்மா குசினி வாசலில் நின்று கத்துவார்.

உலகம் என்னைக் கேட்டு நடந்தது அவ்வளவு நேரம்தான்.

லொறி வீடு வந்து சேர்ந்தது ஏலக்காரர் கொடுத்த தற்காலிகப் பத்திரத்தில். அதன் தவணை முடிந்ததும் சில்லு அசையக்கூடாது. மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். லைசென்ஸ் எடுக்க இன்சூரன்ஸ் வேண்டும். மாமா வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வவுனியாவுக்கு பஸ் ஏறினார். பொழுதுபட வந்து, கதிரையில் இருந்தபடியே இன்சூரன்ஸ் கந்தோரில் நடந்ததை நடித்துக் காட்டினார்.

“அக்கா, அவன்ரை கொப்பியிலை கார் இருக்கு, பஸ் இருக்கு, உழவு மெசின் இருக்கு, சவம் ஏத்திற வண்டி கூட இருக்கு. எங்கடை லொறி இல்லை. கண்ணாடியைக் கழட்டிப்போட்டுக் கேக்கிறான், ‘தம்பி, நீர் வாங்கினது வாகனமோ, ஆயுதமோ?’ எண்டு!”

நாங்கள் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. ஏலப் பத்திரத்தில் இருந்தது படையினர் தங்கள் வசதிக்கு எழுதிய ஏதோ ஒரு இலக்கம். கந்தோருக்கு வேண்டியது, லொறி பிறந்தபோதே அதன் இரும்புச் சட்டத்தில் அடித்த இலக்கம். அது இல்லாமல் ஒன்றும் நடக்காதாம். பார்வையிட ஒருவரை அனுப்புவார்களாம்.

தை பிறந்தது. நெற்கதிர் பழுக்கத் தொடங்கியது. லொறி வளவுக்குள் நின்றது. கோழிகள் அதன் கீழே முட்டையிட்டன. எருதுகள் இல்லாத பட்டியைப் பார்த்து அம்மா ஒருநாள் அப்பாவுக்குக் கேட்கும்படி சொன்னார்: “எட்டுக் காலை வித்து நாலு சில்லு வாங்கினவை. இப்ப காலும் இல்லை, சில்லும் ஓடேல்லை.”

“நெல்லைத் தலையிலை சுமக்கிறதே?” என்று அப்பா மாமாவைக் கேட்டார். குரல் உயரவில்லை. அதனால்தான் மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

கந்தோர் ஐயா தை மாதக் கடைசியில் வந்தார். மெலிந்த மனிதர். தேய்த்து மடிப்புக் குலையாத வெள்ளைக் காற்சட்டை, கையில் குடை. கதிரையைத் துடைத்துவிட்டுத்தான் இருந்தார். கோழிக்கும் கொஞ்சம் பயப்பட்டார். லொறியை மூன்று முறை சுற்றி வந்தார்.

“முன்பக்கம், வலப்பக்கச் சட்டத்திலை அடிச்சிருக்க வேணும்,” என்றார். அங்கே பச்சைப் பூச்சுத்தான் இருந்தது, தோல் மாதிரித் தடிப்பாக. “உதைச் சுரண்டுங்கோ.”

அப்பா, மாமா, றைவர் அண்ணை மூவரும் மண்ணெண்ணெயும் உடைந்த கண்ணாடித் துண்டுமாகத் தொடங்கினார்கள். எனக்கும் ஒரு தேங்காய்ச் சிரட்டைத் துண்டு கிடைத்தது. பச்சை உரிந்தது. அடியில் இருந்ததும் பச்சைதான், ஆனால் வேறு பச்சை, கொஞ்சம் கறுப்புக் கலந்தது. அதுவும் உரிந்தபோது எங்கள் கைகள் நின்றன. அதற்குக் கீழே மஞ்சளும் இல்லாத, மண்ணிறமும் இல்லாத ஒரு நிறம். கடற்கரையில் காய்ந்த மணல் மாதிரி.

கந்தோர் ஐயா குடையைக் கீழே வைத்தார். கிட்ட வந்து அந்த நிறத்தை ஒற்றை விரலால் தடவினார்.

“இது பாலைவனத்துக்குப் பூசினது,” என்றார் மெதுவாக. “வெள்ளைக்காரன்ரை சண்டை நேரம். எகிப்து, லிபியாப் பக்கம் ஓடியிருக்கும். பிறகு இஞ்சை கொண்டு வந்து காட்டுக்காகப் பச்சை பூசியிருக்கிறாங்கள்.”

மாமாவும் குனிந்து அந்த நிறத்தைத் தொட்டுப் பார்த்தார். ஒட்டகங்கள் நடந்த மணலில் ஓடிய சில்லு எங்கள் மரவள்ளிப் பாத்தியின் கரையில் நிற்கிறது! பிற்காலத்தில் புத்தகங்களில் தேடினேன். மத்திய கிழக்கில் நின்ற படைகளில் ஒரு பகுதி 1942இல் இலங்கைக்கு வந்தது உண்மை. எங்கள் லொறி அவர்களோடுதான் வந்ததா என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அந்த மணல் நிறத்தை விரலால் தொட்டேன் என்பது மட்டும் நிச்சயம்.

ஒரு சண்டை முடிந்தால் அதற்கு மேலே இன்னொரு நிறம் பூசிவிடுவார்கள், அத்தோடு சரி என்று விளங்கிக்கொண்டேன்.

ஆனால் இலக்கம் அங்கே இல்லை. இடப்பக்கமும் சுரண்டினார்கள். இல்லை. அப்பா கண்ணாடித் துண்டைக் கீழே போட்டுவிட்டு வயல் பக்கம் திரும்பிக்கொண்டார். இலக்கம் இல்லாவிட்டால் ஐயா குடையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பழுத்த நெல் எங்களுக்காகக் காத்திராது. இது எனக்கே தெரிந்தது.

ஐயா லொறியைப் பார்த்தார், அப்பாவின் முதுகைப் பார்த்தார், தன் வெள்ளைக் காற்சட்டையைப் பார்த்தார்.

“ஒரு சாரம் இருந்தால் தாங்கோ, பிள்ளை,” என்று அம்மாவிடம் கேட்டார்.

அப்பாவின் சாரத்தைக் கட்டிக்கொண்டு, சாக்கு விரித்து, அவர் லொறிக்கு அடியில் மல்லாந்து புகுந்தார். வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. எங்கள் வீட்டுக் கதிரையைத் துடைத்துவிட்டு இருந்த மனிதருடைய பாதங்கள்! குனிந்து பார்த்தேன். கண்களை மூடியபடி இரும்புச் சட்டத்தின் உட்பக்கத்தை விரல் நுனியால் தடவிக்கொண்டிருந்தார்.

“இஞ்சை ஒரு அஞ்சு இருக்கு,” என்றார் கண்ணைத் திறக்காமலே. “பக்கத்திலை... மூண்டோ எட்டோ.”

றைவர் அண்ணை அந்த இடத்தைத் துடைத்துத் துப்புரவாக்கினார். ஐயா மெல்லிய தாள் கேட்டார். என் கணக்குக் கொப்பியின் நடுத்தாள் போயிற்று. அதை இரும்பில் அழுத்திப் பிடித்துப் பென்சிலால் படுக்கையாக உரசினார். நாங்கள் எல்லாரும் தலையை உள்ளே விட்டுப் பார்த்தோம். கறுப்புக்குள்ளிருந்து வெள்ளையாக ஒவ்வொரு இலக்கமாக எழும்பி வந்தது. சதக் குற்றிக் காசைத் தாளின் கீழ் வைத்து நானும் அப்படி உரசியிருக்கிறேன். ஆனால் இது சதக் குற்றி இல்லை. எங்கேயோ பிறந்து, எங்கெல்லாமோ ஓடி, மூன்று பூச்சுக்குள் ஒளிந்து கிடந்த ஒன்று எங்கள் முன்னால் தன் பெயரைச் சொல்கிறது.

ஐயா வெளியே வந்து தேத்தண்ணி குடித்தார். முழங்கையில் கிறீஸ்.

“ரெண்டு விசயம்,” என்றார். “இந்தப் பச்சை போகவேணும். மேலை இருக்கிற ஓட்டையும் அடைபடவேணும்.”

“ஓட்டைக்கும் இன்சூரன்சுக்கும் என்ன ஐயா?” என்றார் மாமா.

“தூரத்திலை நிண்டு பாக்கிறவனுக்கு, உது உங்கடை லொறி எண்டு தெரியவேணும், தம்பி.”

“அந்த ஓட்டை என்னத்துக்கு?” என்று கேட்டேன்.

அவர் அப்பாவை ஒருமுறை பார்த்தார். “காத்து வாறதுக்கு,” என்றார்.

காற்று வருவதை ஏன் அடைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவரோடு கோபம். ஓட்டைக்கு மேல் தகடு வைத்து ஒட்டிய அன்று நான் சாப்பிடாமல் படுத்தேன்.

பச்சையைப் போக்குவதற்கு, கிட்டடியில் நிறையப் பெயின்ற் கிடைக்கும் இடம் முல்லைத்தீவுக் கரை. அங்கே வள்ளங்களுக்குப் பெயின்ற் அடிக்கிற ஒருவரை மாமா கூட்டி வந்தார். அவர் மேல்பாதிக்குக் கடல் நீலம், கீழ்ப்பாதிக்குச் சிவப்பு, நடுவே ஒரு வெள்ளைக் கோடு என்று அடித்துக்கொண்டே போனார்.

“அண்ணை, என்ன உந்தச் சிவப்பு?” என்று மாமா கேட்டார்.

“அது தண்ணி வாற மட்டுக்கும் அடிக்கிறது.”

“லொறிக்கு ஏதண்ணை தண்ணி?”

“மாரியிலை உங்கடை றோட்டைப் பாத்தனான்,” என்றார் அவர், தூரிகையை நிறுத்தாமல்.

ஐயா இரண்டாம் முறை வந்தபோது சிரிப்பை அடக்கிக்கொண்டு ‘நீலமும் சிவப்பும்’ என்று எழுதினார். பிறகு இன்சூரன்ஸ் படிவத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார். தீ? வேணும். களவு? வேணும். வெள்ளம்? பெயின்ற்காரரை நினைத்து எல்லாரும் சிரித்தோம். வேணும்.

“கலகம், குழப்பம்? இதுக்குக் கொஞ்சம் கூடக் கட்டவேணும்.”

“இந்தக் காட்டுக்குள்ளை ஆர் ஐயா கலகம் செய்யிறது? குரங்கோ?” என்றார் மாமா.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஐயாவின் பேனை அசையாமல் நின்றது. வாசலில் குந்தியிருந்த றைவர் அண்ணை நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: “போட்டுருங்க ஐயா.”

அவ்வளவுதான். மாமா அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “சரி, போடுங்கோ,” என்றார்.

மாசி நடுப்பகுதியில் பத்திரம் வந்தது, லைசென்ஸ் வந்தது. எங்கள் நெல் முதலில் ஏறியது. அப்பா ஒவ்வொரு மூட்டைக்கும் தோள் கொடுத்தார். கடைசி மூட்டை ஏறியதும் லொறியின் நீலக் கன்னத்தில், எருதைத் தட்டுவது போல, இரண்டு தட்டுத் தட்டினார். அம்மா கற்பூரம் கொளுத்தினார். அவருடைய எட்டுக் கால் கணக்கை அதற்குப் பிறகு நாங்கள் கேட்கவில்லை. என்னை முன் ஆசனத்தில், மாமாவுக்கும் றைவர் அண்ணைக்கும் நடுவே ஏற்றினார்கள். கூரையில் ஓட்டை இருந்த இடத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வவுனியாவுக்குப் போக, ஒட்டுசுட்டான் கடந்து மாங்குளம் றோட்டில் ஓடினோம். ஒரு வளைவுக்கு அப்பால் காடு வெட்டித் திறந்திருந்தது. மலைநாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் புதிதாகக் கொட்டில் போட்டுக் கச்சான் கடலை பயிரிட்டுக்கொண்டிருந்த இடம். வளைவு திரும்பியதும் அவர்கள் தெரிந்தார்கள். எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் அள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஒரு கிழவர் தடியை விட்டுவிட்டு ஓடினார். காட்டு ஓரத்துக்கு, மரங்களுக்குள். அடுப்பில் ஏதோ கொதித்தபடி இருந்தது.

உள்ளே இருக்கிறவர்களையும் லொறி பார்க்கக் கூட்டி வர ஓடுகிறார்கள் என்று நினைத்தேன். ஜன்னலால் எட்டிப்பார்த்துக் கையை ஆட்டினேன்.

றைவர் அண்ணை சட்டென்று நிறுத்தி, என்ஜினையும் அணைத்தார். அந்த இருமல் சத்தம் ஓய்ந்தது. கீழே குதித்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நடந்தார்.

“ஓடாதீங்க! நம்ம லொறிதாங்க! நெல்லு லொறி! நிறத்தப் பாருங்க!”

அவர் அவ்வளவு உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. மரங்களுக்குள்ளிருந்து முதலில் ஒரு பெண் வந்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். நீலத்தையும் சிவப்பையும் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அந்தக் கிழவர் சிவப்புப் பூச்சில் கையை வைத்து அப்படியே நின்றார். மாமா வவுனியா போகும்வரை ஒரு பகிடியும் விடவில்லை. எனக்கோ பெருமை தாங்கவில்லை. எங்கள் லொறியைப் பார்ப்பதற்காக ஒரு ஊரே ஓடியது என்று பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் சொன்னேன்.

அதன் பிறகு அந்த வளைவு வருவதற்கு வெகு தூரத்திலேயே றைவர் அண்ணை ஹோர்ன் அடிக்கத் தொடங்குவார். கோயில் மேளம் மாதிரி, விட்டு விட்டு, ஒரு தாளத்தோடு. வளைவு திரும்பும்போது ஒருவரும் ஓடமாட்டார்கள். நிமிர்ந்து பார்த்துக் கை காட்டுவார்கள். லொறி பார்க்க வரச் சொல்லித்தான் அவர் கூப்பிடுகிறார் என்று நான் நினைத்திருந்தேன்.