தட்டினாலும் ஒன்றும் ஆகாது

எங்கள் வீட்டில் எந்த இயந்திரம் முரண்டு பிடித்தாலும் முதல் வைத்தியம் தட்டுவதுதான். அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவர் அப்பா. கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் அவருக்குச் சோதனைப் பிரிவில் வேலை. அழுத்தமானியைப் படிப்பதற்கு முன்னால் அதன் கண்ணாடிமேல் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். சிக்கிய முள் அப்போதுதான் தன் இடத்துக்கு வரும். அங்கே அது வேலையின் விதி. வீட்டில் அது குடும்ப வழக்கமாகிவிட்டது. டிவிக்கு இடது பக்கம் மேல் மூலையில் உள்ளங்கையால் இரண்டு. ஃபிரிட்ஜுக்கு முழங்காலால் ஒன்று. மிக்ஸிக்கு மூடியை அழுத்திக்கொண்டே பக்கவாட்டில் ஒன்று. பெருக்கல் வாய்ப்பாடு வருவதற்கு முன்பே எனக்கு இந்தக் கணக்கு வந்துவிட்டது. பெரும்பாலும் அது பலித்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

கம்ப்யூட்டருக்கும் அதே மருத்துவம்தான். சாந்தோமில் இரண்டாம் மாடி வாடகை வீடு. கூடத்தில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே மேஜை, மேஜையின்மேல் எட்டு வயதுக் கம்ப்யூட்டர். பொத்தானை அழுத்தியதிலிருந்து எதையாவது திறக்கும் நிலைக்கு வர நாலரை நிமிடம் எடுக்கும். சுவர்க் கடிகாரத்தை வைத்து நானே பார்த்திருக்கிறேன். எனக்குப் பதினொரு வயது. ஒரு நாளைக்கு அரை மணி நேரம் விளையாட அனுமதி. அந்த நாலரை நிமிடமும் அரை மணிக்குள் சேர்த்தி.

மீதி நேரமெல்லாம் அது அம்மாவுடையது. அம்மா பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர். பள்ளி வேலைக்கு இடையே ஏழு வருடமாக முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். நொச்சிக்குப்பத்தில் சாலையோரம் மீன் விற்கும் பெண்களைப் பற்றிய ஆய்வு. வாரத்தில் ஒரு மாலை பள்ளியிலிருந்து நேராக அங்கே போய், சிறிய ஒலிப்பதிவுக் கருவியை மீன் கூடைக்குப் பக்கத்தில் வைத்துப் பேச வைப்பார். வீட்டுக்கு வந்து அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுக் கருவியைக் காலி செய்துவிடுவார். ஆய்வேட்டின் முதல் மூன்று இயல்கள் அச்சாகி நெறியாளரிடம் இருந்தன. கடைசி இரண்டு இயல்களும் அத்தனை பெண்களின் குரல்களும் அந்த மேஜைமேல் மட்டும்தான் இருந்தன. அந்தப் பெண்களில் இரண்டு பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். மே மாதக் கடைசிக்குள் முழு வரைவையும் கொடுத்தாக வேண்டும் என்று நெறியாளர் சொல்லியிருந்தார்.

அந்த மே மாதத்துக்கு முன்பே இரண்டு மாதமாக வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டருக்குப் புது டிஸ்க் போட வேண்டும், எதைப் போடுவது? வாதி, அம்மாவின் தம்பி. திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் தங்கிக்கொண்டு, தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்றுவந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். எஸ்எஸ்டி என்ற புதுவகை டிஸ்க் போட்டால் பன்னிரண்டு விநாடியில் கம்ப்யூட்டர் எழுந்து உட்கார்ந்துவிடும் என்பது மாமாவின் கட்சி. நானும் ரகசியமாக அந்தக் கட்சிதான். ஆனால் அவர் சொல்லை நம்புவதற்கு எங்கள் வீட்டில் முன்னுதாரணம் இல்லை. அவர் சொல்லி வாங்கிய இன்வெர்ட்டர் மின்சாரம் இருக்கும்போது மட்டும் வேலை செய்தது.

அப்பா ஹார்ட் டிஸ்க் கட்சி. ஏறக்குறைய ஒரே விலைக்கு ஒன்று ஆயிரம் ஜிபி, இன்னொன்று நூற்றிருபது ஜிபி. பத்துக் கிலோ மூட்டையை விட்டுவிட்டு அதே காசுக்கு ஒரு கிலோ பொட்டலத்தை வாங்குகிறவனுக்கு என்ன பெயர் என்று கேட்பார். “மச்சான், இது அரிசி இல்ல” என்பார் மாமா. பிறகு, ஹார்ட் டிஸ்கில் உள்ளே ஒரு வட்டு சுற்றுகிறது, அதன்மேல் முடிபோல ஒரு முள் ஓடுகிறது, எஸ்எஸ்டியில் சுற்றுவது எதுவுமே கிடையாது என்று விளக்குவார். அந்த இடத்தில்தான் அப்பா உறுதியாகிவிடுவார். வாழ்நாளெல்லாம் இயந்திரங்களோடு இருந்தவர். சுற்றாதது ஓடாது என்பது அவர் அறிந்த உண்மை.

அம்மா இரண்டு பக்கமும் இல்லை. தன் வேலை முடியும்வரை அதில் யாரும் கை வைக்கக் கூடாது, அப்புறம் என்ன வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஒரே வரியில் வழக்கை ஒத்திவைத்திருந்தார்.

அந்த மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. அப்பா இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. அம்மா கோயில் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தார். நான் பொத்தானை அழுத்தினேன். நாலரை நிமிடம் போனது, ஆறு நிமிடம் போனது, திரையில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. வழக்கப்படி பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டினேன். பிறகு, வழக்கத்தை மீறி, பலமாக மூன்றாவது.

உள்ளே யாரோ நகம் வெட்டுவதுபோல ஒரு சத்தம் வந்தது. டிக். கொஞ்சம் இடைவெளி. டிக். திரை நீலமாகி, பிறகு கறுத்தது. நான் சுவிட்சை அணைத்தேன். தூசி படாமல் இருக்க அம்மா தைத்துவைத்திருந்த துணி உறையை எடுத்து மூடினேன். அந்த உறையை அதுவரை நான் ஒருநாளும் தொட்டதில்லை.

மறுநாள் காலைப் பூசையில், பாவ அறிக்கை சொல்லி மார்பில் தட்டிக்கொள்ளும் இடத்தில், பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குத் தட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா உறையை எடுத்துப் பொத்தானை அழுத்தினார். டிக், டிக். கறுப்புத் திரையில் டிஸ்க் எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அம்மா மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்த ஒரு வரியைப் பல தடவை படித்தார்.

எங்கள் வீட்டில் ஒரு தம்ளர் உடைந்தால், துண்டுகளைப் பெருக்கும் முன்பே விசாரணை தொடங்கிவிடும். யார், எப்போது, எந்தக் கையால். அன்று நான் பதிலைத் தயார் செய்துகொண்டு சமையலறை வாசலில் நின்றேன். யாரும் கேட்கவில்லை. அம்மா அப்பாவைக் கேட்கவில்லை. அப்பா என்னைக் கேட்கவில்லை. இது கடவுளின் நேரடித் தலையீடு என்று நினைத்தேன்.

மாமா சாப்பாட்டுக்கு வந்தார். பெட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “அக்கா, இது கம்ப்யூட்டர் சத்தம் மாதிரியே இல்லியே, தந்தி ஆபீஸ் மாதிரி இருக்கே” என்றார். யாரும் சிரிக்காததைப் பார்த்து அடங்கினார். வஞ்சிர மீன் குழம்பு அப்படியே இருந்தது. அவருடைய மேன்ஷனுக்குக் கீழே ஒரு பாயின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும், போகலாம் என்றார். கிளம்பும் முன் அப்பா ஈரத்துணி கொண்டுவந்து பெட்டியின் பக்கவாட்டைத் துடைக்க ஆரம்பித்தார். உறையையும் மீறி அதில் படிந்திருந்த தூசியில் கை பதிந்த அடையாளம் இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். கிட்டப் போய்ப் பார்க்கத் துணிச்சல் இல்லை. கடைக்காரர் என்ன நினைப்பார் என்று முணுமுணுத்துக்கொண்டே, அப்பா அதை ஒரே இழுப்பில் துடைத்துவிட்டார். அப்பா கவனிக்கவில்லை, பிழைத்தேன் என்று மூச்சு விட்டேன்.

மாமா பைக்கில் முன்னால் போக, நாங்கள் மூன்று பேரும் ஆட்டோவில் ஏறினோம். பெட்டி அம்மாவின் மடியில். ஒவ்வொரு வேகத்தடையிலும் அதைத் தொடையிலிருந்து அரை அங்குலம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். வண்டி நொச்சிக்குப்பத்தைக் கடந்தபோது மீன் கடைகளில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அம்மா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கடை ஓர் ஆள் பக்கவாட்டில் மட்டும் நுழையக்கூடிய அளவு. பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி. டிஸ்கைக் கழற்றி, காதருகே வைத்து மெதுவாகச் சாய்த்துப் பார்த்தார். பிறகு அதைத் தன் கம்ப்யூட்டரில் இணைத்தார். “வரலாம், வராமலும் போவலாம். முழுசா கேக்காதீங்க. மொதல்ல எது வேணும், அத்த மட்டும் சொல்லுங்க” என்றார். அம்மா ஒரு ஃபோல்டரின் பெயரைச் சொன்னார். அது திரையில் தெரிந்தது. பாய் அதைத் தன் டிஸ்குக்கு நகல் எடுக்க விட்டார். பச்சைக் கோடு ஒன்று புறப்பட்டு, கால்வாசி தூரம் வந்து நின்றது. டிஸ்க் நகம் வெட்டியது. மறுபடி நகர்ந்தது.

நாங்கள் நான்கு பேரும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பாய்க்கு அது பழகிய காட்சி. நேரத்தை வீணாக்காமல், புதுசு எதைப் போடட்டும் என்று கேட்டார். அப்பா பத்துக் கிலோ மூட்டைப் பேச்சை எடுத்தார். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். இரண்டு மாத வாதங்களும் அவரிடம் தயாராக இருந்தன.

கழற்றி வைத்திருந்த பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைப் பாய் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். துடைத்ததில் அது பளபளவென்று இருந்தது. நடுவில் ஒரு விரல் நீளத்துக்கு நேர்கோடாக ஒரு நசுங்கல். அதன்மேல் கட்டைவிரலை ஓட்டினார்.

“இன்னா சார், டிவிய தட்டற மாதிரி இத்தயும் தட்டுவீங்களா? இந்த டிஸ்க் ஒரு மாசமாவே போய்க்கினு இருந்துக்கீது. தட்டினதால மட்டும் போவல. ஆனா தட்டினா சீக்கிரம் போவும். உள்ள சுத்தற சாமான் ஆச்சே.” மேஜை இழுப்பறையிலிருந்து சீட்டுக்கட்டு அளவில் ஒரு எஸ்எஸ்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். “இதுல சுத்தறது எதுவும் இல்ல. நீங்க தட்டினாலும் ஒண்ணும் ஆவாது.”

“அதையே போடுங்க பாய்” என்றார் அப்பா.

“அதுதான் வேணும்” என்றார் அம்மா, ஏறக்குறைய அதே விநாடியில்.

மாமா திறந்த வாயை மூடிக்கொண்டார். சண்டையில்லாமல் ஜெயித்ததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றுகூடச் சொல்லலாம். ஆயிரம் ஜிபியைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை. பாய் கணக்குப் பார்த்ததில் எங்கள் வீட்டின் எட்டு வருடச் சரக்கு முழுவதும் முப்பது ஜிபிகூட இல்லை. அவர் ஒன்று மட்டும் எச்சரித்தார். “இதுவும் ஒருநாள் போவும். போகும்போது சத்தம்கூட குடுக்காது. இன்னொரு எடத்துல ஒண்ணு எடுத்து வச்சுக்கங்க.”

எனக்கு அவர் சொன்னதில் முதல் பாதிதான் காதில் இருந்தது. ஒரு மாசமாகவே போய்க்கொண்டிருந்தது. தட்டினதால் மட்டும் போகவில்லை. முழு மன்னிப்பு இல்லை. ஆனாலும் முக்கால் மன்னிப்பு. அந்த நசுங்கல்தான் கொஞ்சம் உறுத்தியது. என் கைக்கு அவ்வளவு பலமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

பச்சைக் கோடு மறுமுனையைத் தொட இரண்டு மணி நேரம் ஆனது. நல்லதாக ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பாய் சொன்னார். அம்மா ஒரு கோப்பைக் காட்டினார். கடையின் ஒலிபெருக்கி சத்தமாக வைக்கப்பட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அலைச் சத்தம், ஒரு பஸ் ஹாரன், பிறகு சந்து முழுக்கக் கேட்கும்படி ஒரு பெண் குரல்:

“இன்னா டீச்சர், மீனு வாங்க வந்தியா, வாயப் புடுங்க வந்தியா?”

அந்தக் குரலுக்கு உரியவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. “ரெண்டுக்கும்தான்” என்றார் அம்மா, ஒலிபெருக்கியைப் பார்த்து. பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அப்பா பாய்க்கும் சேர்த்து டீ சொன்னார். வீட்டுக்கு வந்து இரவு வஞ்சிரக் குழம்பைச் சுடவைத்து, மூன்று பேரும் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டோம்.

கம்ப்யூட்டர் திறக்கப் பதினான்கு விநாடி ஆனது. மாமா சொன்னதைவிட இரண்டு அதிகம். அவருடைய வரலாற்றில் அது சாதனை. அம்மா மூன்று பென்டிரைவ்களில் எல்லாவற்றையும் நகல் எடுத்து, ஒன்றைப் பள்ளி அலமாரியிலும் ஒன்றைப் பீரோவிலும் ஒன்றை ஜெபமாலை டப்பாவிலும் வைத்தார். வரைவு உரிய நாளில் போய்ச் சேர்ந்தது. பட்டம் வந்தது. புது டிஸ்க் போட்ட பெட்டியை யாரும் தட்டவில்லை. தட்டினாலும் ஒன்றும் ஆகாது என்று தெரிந்த பிறகும்.

சென்ற வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். இத்தனை வருடம் சுமந்ததை இறக்கிவைக்கிற தோரணையில் சொன்னேன் என்று நினைக்கிறேன். அப்பா மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, வெள்ளிக்கிழமையே நான் நாலு போட்டுட்டேனே என்றார். அம்மா குழம்புக் கிண்ணத்தை மூடி வைத்தார்.

“சனிக்கிழமை மத்தியானம். நான் கையால தட்டல” என்றார் பிறகு. “அகராதியால.”

அந்தக் கடையில் பாய் நசுங்கலைத் தடவிக்கொண்டே பேசியபோது, அவர் என்னை மட்டும்தான் சொல்கிறார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. நான் குனிந்து என் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தடவை தலையைத் தூக்கியிருந்தால், அப்பாவும் அம்மாவும் எதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று தெரிந்திருக்கும்.