மடியில் உட்கார்ந்து வந்த கோப்பை

மலைமேல் நடந்த ஹாக்கி இறுதிப் போட்டியில் எங்கள் போடி அணி இன்று தோற்றது. ஜெயித்தது, போன வருஷம் எங்கள் கிளப் துரத்திவிட்ட கோச்சின் புது அணி.

"இந்தாளு இருக்குற வரைக்கும் கோப்பையக் கண்ணால பாக்க முடியாது" என்று சொல்லித்தான் செயலாளர் அவரை அனுப்பினார். ரசிகர்கள் நாங்கள் வேண்டாமென்று கத்தியது செயலாளர் காதில் ஏறவே இல்லை.

வயிற்றெரிச்சலோடு போடிமெட்டில் ஊருக்கு இறங்கும் ஜீப்பைப் பிடித்தேன். பின்பக்கப் பெஞ்சில் நசுங்கிக் கிடந்தபோது, படியில் ஒருவர் தொற்றிக்கொண்டார். அதே கோச். கையில் அதே கோப்பை.

தொங்கி வருகிறவரின் சாமானை உட்கார்ந்திருப்பவர்தான் மடியில் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த ரூட்டில் யாரும் மறுக்க முடியாது.

என் டீ-சர்ட்டில் கிளப் பெயரைப் பார்த்துத் தயங்கினார். "தம்பி, தப்பா நெனைக்காதீங்க. இதக் கொஞ்சம் வச்சுக்கங்க. போடியில நம்ம வீட்டுல காட்டிட்டு நாளைக்குக் காலையில மலைக்குக் கொண்டு போயிருவேன்."

இறங்கி ஓடவும் வழியில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கோப்பை என் நெஞ்சில் இடித்தது.

"நல்லாப் பிடிச்சுக்கங்க தம்பி."

கட்டிப்பிடித்துக்கொண்டேன். அதைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

போடியில் இறங்கியதும் டீக்கடைக்கார அண்ணன் என் சட்டையையும் கோப்பையையும் பார்த்துவிட்டு, "மாப்ளே, ஜெயிச்சுட்டீகளா!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து கோச் சொன்னார்: "ஆமாண்ணே, கோப்பை நம்ம ஊருக்குத்தான் வந்திருக்கு."

செயலாளர் அவர்களே, கோப்பை நாளைக் காலை வரை போடியில்தான் இருக்கும். வந்து கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரசிகர்களே, பார்க்கக் கூட யாரெல்லாம் வர்றீங்க?