சாய்நாத் மாஸ்டர் எடுத்த முடிவு

சாய்நாத் மாஸ்டருக்கு வயது ஐம்பத்து நான்கு. அசோக் நகரில் வீடு, நந்தனம் மைதானத்தில் வேலை. தி.நகரில் ஜவுளிக்கடை நடத்தும் இசக்கிமுத்து அண்ணாச்சியின் கூடைப்பந்து அணிக்கு ஒன்பது வருடமாக அவர்தான் பயிற்சியாளர். இந்த ஒன்பது வருடத்தில் அவர் சொந்தமாக ஒரு முடிவு எடுத்தார் என்று அவருடைய எதிரிகூடக் குற்றம் சாட்ட முடியாது. ஓட்டலில் உட்கார்ந்தால் பக்கத்து மேசைக்காரர் என்ன கேட்கிறாரோ அதையே தனக்கும் கேட்பார். ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் ஐந்து பேரையும் கூப்பிட்டு, "நீங்க என்னப்பா நினைக்கறீங்க?" என்பார். ஜெயித்தால் மாஸ்டரின் நிதானம், தோற்றால் பசங்களின் அவசரம். மனிதர் நல்லவர்தான். பயந்த நல்லவர், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர் தலையில் போய் சென்டர் விவகாரம் விழுந்தது. சென்டர் என்றால் கூடைக்கு அடியில் நின்று மல்லுக்கட்டும் நெட்டை ஆள். அண்ணாச்சியின் ஆட்டக்காரர்கள் எல்லோரும் கடைச் சிப்பந்திகள். அணியில் இடம் போனால் கவுண்டரிலும் இடம் போய்விடும். சென்டருக்கென்று இருந்த ஒரே இடத்தில் பன்னிரண்டு வருடமாக இருந்தவன் லாசர். கொட்டிவாக்கத்து மீன்காரக் குடும்பம், வயது முப்பத்தேழு. இரண்டு முழங்காலிலும் கட்டுப் போட்டுக்கொண்டுதான் மைதானத்துக்கு வருவான். இப்போதெல்லாம் அவன் எம்பினால் காலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு செய்தித்தாளைத்தான் சொருக முடியும். ஆனால் பந்து எங்கே வந்து விழும் என்று பந்துக்குத் தெரிவதற்கு முன்பே அவனுக்குத் தெரியும். அங்கே போய் முதுகைக் கொடுத்து நின்றுவிட்டால் ஒருவனாலும் அவனை அசைக்க முடியாது.

புதிதாக வந்தவன் அஸ்வின். வயது பத்தொன்பது, உயரம் ஆறடி ஒன்பது அங்குலம், இன்னும் வளர்த்தி நிற்கவில்லை. எம்பினால் வளையத்தைப் பிடித்துத் தொங்குவான். பாஸ் வந்தால் மட்டும் சுடுபாத்திரத்தைத் தொட்டவன்போல் கையை இழுத்துக்கொள்வான். எதிரணிக் கூடையின் கீழ் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்பது விதி; அவனோ அங்கே குடிவந்துவிடுவான், நடுவர் விசில் ஊதியே களைத்துப்போவார். மூன்று வருடத்தில் பெரிய ஆளாக வரலாம், வராமலும் போகலாம்.

மாஸ்டரின் மனதில் லாசர்தான். அவன் இல்லாமல் இந்த வருடம் கோப்பை கிடைக்காது. கடை வேலை போனால் பிளஸ் டூ படிக்கும் அவன் மகளின் படிப்பும் அந்தரத்தில் நிற்கும். இதை ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். மாஸ்டர் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தார்.

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பதினோரு எடத்துல 'இருந்தாலும்'னு எழுதியிருக்கீரு. ஆளு பேரச் சொல்லும்வே."

"ரெண்டு பேருமே நல்ல பசங்க அண்ணாச்சி. நீங்களே பாத்து…"

"துணின்னா நானே பாத்துருவேன். சரி, முருகன்கிட்ட விட்ருவோம். வெள்ளிக்கெழம காலைல ரெண்டு சீட்டு எழுதிக் கொண்டாரும்."

அண்ணாச்சிக்கு இது புதிதில்லை. இரண்டாவது கிளையும் மூத்த மருமகனும் கடை முருகன் படத்துக்கு முன்னால் சீட்டுப் போட்டு அமைந்தவைதான். கிளை நன்றாக நடக்கிறது.

வியாழக்கிழமை மாலை மாஸ்டர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். முதல் சீட்டில் லாசர் என்று எழுதினார். இரண்டாவது சீட்டை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதிலும் லாசர் என்றே எழுதினார். நமக்கும் தைரியம் இருக்கிறது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் கடை திறப்பதற்கு முன் சிப்பந்திகள் எல்லோரும் படத்தின் முன் கூடினார்கள். அஸ்வின் நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வந்து நின்றான். சூடம் காட்டியானதும் பில் போடும் சிந்து கண்ணை மூடிக்கொண்டு தட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தாள்.

"லாசர்."

மாஸ்டர் பூரித்துப்போய்க் கையை நீட்டினார். லாசர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. அவன் முகம் செத்துவிட்டிருந்தது.

அண்ணாச்சி சீட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றி, படத்தின் காலடியில் வைத்தார். "மனசுல ஒண்ணும் வச்சுக்காத லாசரு. நம்ம கடைல மொதல்ல எடுக்கது சாமிக்குல்லா. புதுச்சரக்கு வந்தா மொதத் துணியக் கோயிலுக்குத்தான குடுக்கோம். மிஞ்சுததுதான் நமக்கு. மிச்சச் சீட்டுல பேரு இருக்கவனுக்குத்தான் எடம்."

கவுண்டரில் நிற்கிற அத்தனை பேருக்கும் இந்த வழக்கம் தெரியும். மைதானமே கதியென்று கிடந்த மாஸ்டருக்குத்தான் தெரியாது. இதை மட்டும் அவர் யாரையும் கேட்டதில்லை. ஒழுங்காக எழுதியிருந்தால் லாசருக்குப் பாதி வாய்ப்பாவது இருந்திருக்கும்.

"மிச்சச் சீட்டையும் வாசிச்சிரும் மாஸ்டரு. மொறன்னு ஒண்ணு இருக்குல்லா."

மாஸ்டர் பிரித்தார். அவருடைய குண்டு குண்டான கையெழுத்தில் லாசர் என்று இருந்தது. அதை அப்படியே வாசித்தால் போதும். இரண்டிலும் ஒரே பெயர் என்றால் சீட்டைத் திரும்பப் போட்டாக வேண்டும், லாசருக்கு இன்னொரு தடவை கிடைக்கும். ஆனால் முருகன் முன்னால் பொய்ச் சீட்டு வைத்தவனை அண்ணாச்சி சூடம் அணைவதற்குள் வெளியே அனுப்பிவிடுவார். மாஸ்டர் அண்ணாச்சியைப் பார்த்தார். லாசரின் முழங்காலைப் பார்த்தார்.

"அஸ்வின்" என்று வாசித்தார். பிசிறில்லாத குரல்.

எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணாச்சி அண்ணாந்து, எட்டாமல், அஸ்வினுக்குப் பொன்னாடை போர்த்தப் போராடிக்கொண்டிருந்தார். அந்தக் கூத்தில் மாஸ்டரை யாரும் கவனிக்கவில்லை. அவர் வாசலுக்கு நழுவினார்.

கொஞ்ச நேரத்தில் லாசரும் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தான். மாஸ்டரைப் பார்த்ததும் நின்று, அவர் தோளில் கை வைத்தான்.

"வுடு சார். நீ இன்னா பண்ணுவே, சாமி குட்த்தது. எனுக்கோசரம் நாலு பக்கம் எய்திக் குட்த்தியாமே, சிந்து சொல்லிச்சு. இந்தக் கடைல எனுக்குன்னு பேசுன ஒரே ஆளு நீதான் சார்."

மாஸ்டரின் கண்ணில் நீர் முட்டியது. ஒரு வார்த்தையாவது சொல்லியிருப்பார். ஆனால் அந்தச் சீட்டு அவர் வாய்க்குள் இருந்தது. இன்னும் மென்று முடியவில்லை.