பொறி வுழுந்த கண்

அன்றைக்கு அந்தத் தகர ஷெட்டில் இருந்தவர்கள்: காண்ட்ராக்டர், ஷிப்ட் சூப்பர்வைசர், என் அம்மா, நான், நடுவில் என் அப்பா, நைனா. இல்லாதவர்கள்: கம்பெனி ஆட்களில் ஒருத்தரும் இல்லை, கம்பெனி டாக்டர் இல்லை, நைனாவோடு பர்னஸ் உலை முன்னால் வெந்த கூட்டாளிகளில் ஒருத்தர்கூட இல்லை. கூட்டாளிகள் வந்திருந்தால் மறுநாள் அவர்களுக்கும் கேட் பாஸ் இருக்காது. டாக்டர் எப்போதுமே பெயர்ப் போர்டில் மட்டும்தான் இருந்தார்.

கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் மாங்கனீஸ் கலவை உருக்கும் கம்பெனி அது. நைனா அங்கே காண்ட்ராக்ட் ஆள். உருகி வழிந்தது ஆறிக் கட்டியானதும் சம்மட்டியால் உடைப்பது அவர் வேலை. மூக்குக்கு ஒரு துண்டு. கண்ணுக்கு ஒன்றுமில்லை. அவரை வேலையை விட்டு நிறுத்தியாயிற்று, டூட்டிக்குக் குடித்துவிட்டு வருகிறாராம். அதை எங்களுக்கு நிரூபித்துக் காட்டத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

"யோவ், அந்த செவுரு வரைக்கும் நட," என்றார் காண்ட்ராக்டர்.

நைனா நடந்தார். குதிகால் தரையில் படாமல், நுனிக்காலில், சேவல் மாதிரி.

"அப்டியே பின்னாடி வா."

ஒரு அடி வைத்தார். மரம் சாய்கிற மாதிரி மல்லாக்க விழுந்தார். கையை ஊன்றக்கூட இல்லை. தரையில் கிடந்தபடியே சிரித்தார். சில மாதங்களாகவே அந்தச் சிரிப்பு இருந்தது. முகத்தில் ஒரு அசைவும் இருக்காது, சம்பந்தமே இல்லாமல் சிரிப்பு மட்டும் வரும்.

"பாத்தியா தம்பி? காலையிலயே ஏத்திக்கினு வந்துட்டாரு. விழுந்துட்டு சிரிக்கிறாரு பாரு."

அம்மா பாய்ந்தாள். "வாயை மோந்து பாருய்யா! மூக்கு இருக்குதில்ல உனக்கு? எங்க ஊட்டாரு ஞானஸ்நானம் எடுத்ததுலருந்து ஒரு சொட்டு தொட்டதில்ல. நீ உன் வாயை ஊது, நான் மோந்து பாக்கறேன்!"

சூப்பர்வைசர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனார். காண்ட்ராக்டர் முகம் கறுத்துவிட்டது. "தண்ணி போட்டவனுக்கு செட்டில்மென்ட் கெடையாதும்மா. போய்க்கினே இருங்க."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். சென்னையில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. உதறுவாதம் மாதிரி, மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைகிற நோய்களைக் காந்த ஸ்கேன் எடுத்துப் படிக்கிற ஒரு விஞ்ஞானி மேடத்துக்குக் கீழே இருக்கிறேன். கவரைப்பேட்டையில் ரயில் ஏறிப் போய், நாள் பூராவும் மற்றவர்களின் மூளையைத் திரையில் பார்த்துவிட்டுத் திரும்புகிறவன். குடித்தவன் பக்கவாட்டில் தள்ளாடுவான், பின்னால் நடக்கச் சொன்னால் கட்டையாக விழ மாட்டான் என்பது எனக்குத் தெரியும். மாங்கனீஸ் புகை மூளையின் அடியாழத்தில் போய்ப் படிந்தால் ஆள் எப்படி நடப்பான் என்றும் படித்திருக்கிறேன். படித்ததெல்லாம் என் காலடியில் மல்லாக்கக் கிடந்தது.

ஊரில் அதற்குள் பேச்சு பரவியிருந்தது. சபையில் திருவிருந்து தட்டு நைனா முன்னால் நிற்காமல் அடுத்த ஆளுக்குப் போயிற்று. அவர் வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார்: "நான் குடிக்கலன்னு உன் மிஷினு சொல்லுமாடா?"

"சொல்லும் நைனா."

மாங்கனீஸ் படிந்த இடம் ஸ்கேன் படத்தில் வெள்ளையாகத் தெரியும். ஆனால் புகையை விட்டு விலகிய பிறகு, சில மாதங்களில், அதிகம் போனால் ஒரு வருஷத்தில், அந்த வெள்ளை மங்கிப் போகும். நடுக்கம் போகாது, நடை திரும்பாது. சாட்சி மட்டும் அழிந்துவிடும். அதனால் அவசரம்.

மேடம் நல்லவர்தான். கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்க ஃபாதர் கேஸ் ரொம்ப இன்ட்ரஸ்டிங். கூட்டிட்டு வாங்க." அந்த இன்ட்ரஸ்டிங் என்ற சொல்லை இன்றுவரைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை.

காந்த அறைக்குள் இரும்போடு போகக்கூடாது. ஆகவே டெக்னீஷியன் எல்லோரையும் கேட்கிற கேள்விகளை நைனாவையும் கேட்டார். இதயத்தில் கருவி இருக்கிறதா, உடம்பில் பிளேட் வைத்திருக்கிறதா.

"எப்பவாவது கண்ணுல உலோகத் துகள் ஏதாவது புகுந்திருக்கா ஐயா?"

"இல்ல சார்."

டெக்னீஷியன் கதவைத் திறக்கப் போனார். நான் குறுக்கே கையை நீட்டினேன். உலோகத் துகள் என்று எங்கள் ஊரில் எவன் சொல்வான்?

"நைனா, பொறி வுழுந்துச்சா கண்ணுல?"

"பொறியா? அது தெனைக்கும் வுழும். அதுக்கின்னா? பக்கத்துல நிக்கறவன் துண்டு முனைய முறுக்கி எடுத்துடுவான். எடுக்க வரலன்னா ரெண்டு நாள்ல அதுவே சரியாப் பூடும்."

சரியாகிப் போகவில்லை. எக்ஸ்ரேயில் இடது கண்ணுக்குள் சம்மட்டியிலிருந்து தெறித்த இரும்புச் சில் ஒன்று தெளிவாக உட்கார்ந்திருந்தது. அதோடு உள்ளே போயிருந்தால் காந்தம் அதை இழுத்துக் கண்ணைக் கிழித்திருக்கும். டெக்னீஷியன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நைனா என்னைப் பார்த்து, "இன்னாடா, மிஷினு ரிப்பேரா?" என்றார்.

அன்றைக்குத்தான் எங்கள் ஆராய்ச்சியின் விதி ஒன்றை முழுசாகப் புரிந்துகொண்டேன். உலோகப் பட்டறையில் வேலை செய்தவர்களைச் சேர்ப்பதில்லை, பாதுகாப்புக்காக. எத்தனையோ தடவை அந்த வரியை நானே வாசித்திருக்கிறேன். யார் மூளையில் உலோகம் படியுமோ, அவன் கண்ணிலும் உலோகம் இருக்கும். அவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களைப் படுக்கவைத்து, முடிந்ததும் ஜூஸ் கொடுத்து, நன்றி சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தோம். எங்கள் கம்ப்யூட்டரில் கும்மிடிப்பூண்டி மூளை ஒன்றுகூட இல்லை.

சில்லை எடுக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதி தூரத்தில் இருந்தது. வெள்ளை மங்கிவிடும் என்ற பயத்தில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எடுக்கும்போது பார்வை போனாலும் போகலாம் என்றார் டாக்டர்.

"ஒரு கண்ணு போனா போவட்டும் சார். நான் குடிக்கலன்னு தெரியணும்."

போகவும் போயிற்று. இடது கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரியும், ஆள் தெரியாது.

பிறகு புண் ஆற வேண்டும் என்றார்கள். மறு எக்ஸ்ரே வேண்டும் என்றார்கள். விதிக்கு வெளியே இருக்கிற ஆளைச் சேர்ப்பதால் நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும் என்றார்கள். குழு கூடவில்லை. அடுத்த முறை கூடியது, போதிய ஆள் வரவில்லை என்று கலைந்தது. நான் மேடம் அறை வாசலில் போய்ப் போய் நின்றேன். "ரூல்ஸ் இருக்கே, நான் என்ன பண்ணட்டும்?" என்றார். நைனா வேலையை விட்டு நின்று ஒரு வருஷம் தாண்டிய பிறகுதான் அனுமதி வந்தது.

படத்தை நானே எடுத்தேன். திரையில் நைனாவின் மூளை வரிசை வரிசையாக வந்தது. அந்த இடம் வந்தது. சாம்பல் நிறம். சுற்றியிருக்கிற இடம் மாதிரியே, ஓய்வு பெற்ற பேங்க் ஆபீசர்களின் மூளை மாதிரியே சாம்பல் நிறம்.

"லேட் ஆயிடுச்சு. மங்கிருக்கும். படம் நார்மலா இருக்கறதால நோய் இல்லன்னு அர்த்தம் இல்ல," என்றார் மேடம்.

"அதை அப்படியே எழுதிக் குடுங்க மேடம்."

"ஸ்கேன்ல தெரியறதைத்தான் ரிப்போர்ட்ல எழுத முடியும். ப்ளீஸ், எமோஷனல் ஆகாதீங்க."

எமோஷனல். குழு கூடாத நாட்களில் அவர் ஒரு தடவையாவது எமோஷனல் ஆகியிருந்தால் என் நைனா தலைக்குள் இருந்த வெள்ளையை உலகமே பார்த்திருக்கும்.

காண்ட்ராக்டரிடம் அந்த ரிப்போர்ட் எப்படிப் போயிற்று என்று தெரியாது. எஸ்டேட்டில் எதுதான் போகாது. பஸ் ஸ்டாப்பில் பைக்கை நிறுத்தி, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "தம்பி, மூளை சுத்தமா கீதுன்னு உங்க ஆபீஸே சொல்லிடுச்சாமே. அப்போ அந்த ஆட்டம் எதுனால? நீயே சொல்லு." நின்றிருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களும் பர்னஸ் ஆட்கள்தான். அதில் ஒருத்தன் டீ கிளாஸைப் பிடித்திருந்த கை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. உனக்கும் அந்தப் புகைதான், டாக்டரைப் பார் என்று அவனிடம் சொன்னேன். "போடா, எனக்கு சுகர்டா," என்றான்.

வீட்டுக்குப் போனதும் நைனா கேட்டார், "இன்னா சொல்லுச்சு மிஷினு?" நான் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்: "நீ குடிக்கலன்னு சொல்லுச்சு. அவ்ளோதான். கஞ்சி குடி." அவர் என் முகத்தைத் தேடினார். நான் இருந்தது அவருக்கு இடது பக்கம், கண் போன பக்கம்.

ஸ்கேனுக்குக் காசு இல்லை, அது ஆராய்ச்சிக் கணக்கு. கண் ஆபரேஷன், எக்ஸ்ரே இரண்டு, மருந்து, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு எண்பத்தாறாயிரம் ரூபாய்.