முதலில் வாள், பிறகு கொம்பு

அம்மாவின் தம்பி கப்பலில் சமையல்காரர். ஊருக்கு வந்தால் பை நிறைய சாக்லேட்டும் வாய் நிறைய கதையும் கொண்டுவருவார். அந்த முறை வந்தபோது, ஸ்காட்லாந்துத் துறைமுகத்தில் கேட்டதாக ஒன்று சொன்னார்.

அந்த நாட்டில் பல நூறு வருஷத்துக்கு முன்னால், பொய்யே சொல்ல வராத ஒரு கவிராயர் இருந்தாராம். நடக்கப்போவதைப் பாட்டாகச் சொல்வாராம். திடீரென்று காணாமல் போனவர், வெகுகாலம் கழித்து ஒரு குதிரை வியாபாரியை மலைக்குள் அழைத்துப்போனாராம். உள்ளே கறுப்புக் குதிரைகள். பக்கத்திலேயே கவசத்தோடு தூங்கும் வீரர்கள். மேசைமேல் ஒரு வாள், ஒரு கொம்பு. வியாபாரி பயத்தில் கொம்பை எடுத்து ஊதிவிட்டான். வாளை உருவாமல் கொம்பை ஊதிய கோழையே என்று ஒரு குரல் அதட்ட, பெருங்காற்று அவனை வெளியே வீசிவிட்டது.

"மொதல்ல வாளு, அப்புறம் கொம்பு. அப்படிச் செஞ்சிருந்தா அத்தினி பேரும் எழுந்திருப்பாங்க" என்றார் மாமா. எனக்கு எட்டு வயது. அப்படியே நம்பினேன்.

மறுவாரம் பெரியப்பா வந்தார். தேவனாம்பட்டினத்தில் அவரும் அப்பாவும் ஒரே ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போனவர்கள். ஏதோ மனத்தாங்கல். எங்கள் வீட்டில் இருந்த அந்தப் போட்டின் இன்ஜினைத் தன் மகனுடைய போட்டில் மாட்டப்போவதாகச் சொல்லி, மகனோடு தூக்க வந்துவிட்டார். அம்மா வாசலை மறித்தாள்.

"தள்ளுடி! நீ காலெடுத்து வச்சப்புறம்தான் இந்தக் குடும்பமே நாசமாப் போச்சு."

தெருவே வேடிக்கை பார்த்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பா விடிகாலையில் கடலிலிருந்து வந்து உள்ளே பாயில் படுத்திருந்தார். "ஏங்க, எழுந்திரிங்க!" என்று அம்மா எத்தனையோ முறை கூப்பிட்டாள். அவர் அசையவில்லை.

நான் மீன் அரியும் கத்தியை எடுத்து ஓங்கினேன். அதன் பிறகே, மாசி மகத்தில் வாங்கிய பிளாஸ்டிக் ஊதலை அப்பாவின் காதருகே வைத்து, மூச்சு முட்ட ஊதினேன். பெரியப்பா எட்டிப்பார்த்துச் சிரித்தார்.

"இன்னாடி, சண்டைக்கு வர்றியா?"

அம்மாவை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, இன்ஜினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வெளியே போயிருந்த மாமா சாயங்காலம் வந்ததும், சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "வரிசை தப்பாமத்தான் செஞ்சேன். நீ சொன்னதெல்லாம் பொய்!" அப்பாவோடு நான் ஒரு மாதம் பேசவில்லை. சோற்றுத் தட்டை அவர் முன்னால் நங்கென்று வைப்பேன். இன்ஜின் போன பிறகு யாரோ ஒருவர் போட்டில் கூலிக்குப் போய்வந்தவர், தலைகுனிந்து தின்றுவிட்டு எழுந்துபோவார்.

நான் பிறப்பதற்கு முன்னால், சுனாமி அலை வந்த அன்று, அப்பாவின் தலைமுடியைப் பிடித்திழுத்துக் கரைசேர்த்தவர் பெரியப்பா. இதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தெரிந்த பிறகும் என் கோபம் தீரவில்லை. அம்மாவை வாசலில் தனியாக நிற்கவிட்டதற்கு அது சமாதானம் ஆகாது.

ஆனால் அன்று ஊதும்போது அப்பாவின் மூடிய இமைகள் துடித்ததைப் பார்த்தேன். ஏதோ கனவு காண்கிறார் என்று நினைத்து, இன்னும் பலமாக ஊதினேன்.