சித்திரை வெயிலுக்கு என்ன நம்பர்

செங்கம் ரோட்டில், வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் வீடுகளுக்கு நடுவே எனக்கு ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. படிப்பு ஐந்தாவது வரை. வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, சக்கரத்தைப் பார்த்தே பேசி முடித்துவிடுவேன். எண்பதுகளின் தொடக்கத்தில், எட்டு மாதம் ஒரே சைக்கிளை ஓட்டிய வெள்ளைக்காரர் ஒருவர், ஊருக்குப் போகும் அன்று தன் கேமராவை என் கையில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். எதற்கு என்று கேட்கக் கூச்சம். இதை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்க அதைவிடக் கூச்சம்.

கேமராவில் இரண்டு வளையங்கள். ஒன்றைத் திருப்பினால் உள்ளே இருக்கும் ஓட்டை சின்னதாகும், பெரிதாகும். இன்னொன்று, அந்த ஓட்டை வழியாக வெளிச்சம் எவ்வளவு நேரம் உள்ளே வரலாம் என்பதற்கு. பெரிய நம்பர் வைத்தால் ஓட்டை சின்னதாகும் என்று புரியவே ஒரு வாரம் ஆனது. நல்லவேளையாக பிலிம் டப்பாவுக்குள் ஒரு சீட்டு இருந்தது. எழுத்தெல்லாம் இங்கிலீஷ். ஆனால் படங்கள் இருந்தன: முழுச் சூரியன், மேகம் மறைத்த சூரியன், வெறும் மேகம், வீட்டு நிழல். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு நம்பர். முழுச் சூரியனுக்குப் பதினொன்று. ஐந்தாவது படித்தவனுக்காகவே அச்சடித்தது போல் இருந்தது.

அப்போது என் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்டூடியோவில் எடுத்த போட்டோ நாலு இடத்துக்குப் போயிருந்தது. ஸ்டூடியோக்காரர் முகத்தில் பவுடரை அப்பி, இரண்டு பக்கமும் விளக்கைப் போட்டு, அதற்குமேல் பென்சிலாலும் ஏதோ செய்து அவளை வெள்ளைக்காரி ஆக்கியிருந்தார். நாலு வீட்டாரும் வந்தார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், "போட்டோல வேற மாதிரி இருந்துச்சே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நாலாவது தடவை தங்கை தட்டை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "இனிமே அந்தப் பவுடர் போட்டோ எங்கனா போச்சுன்னா, நான் யார் முன்னாடியும் வந்து நிக்கமாட்டேன். நான் எப்படி இருக்கேனோ அப்படி எடுத்து அனுப்புங்க."

அவளுக்கு இருபத்தாறு நடந்துகொண்டிருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் நல்ல குடும்பம் ஒன்று போட்டோ கேட்டிருந்தது. இந்த இடமும் போனால் அடுத்த இடம் வருமா என்பதே அம்மாவின் பயம்.

சித்திரை மாதம், காலை பதினொரு மணி. தங்கையை மொட்டை மாடியில் நிறுத்திவிட்டு அந்தச் சீட்டைப் பார்த்தேன். முழுச் சூரியன், பதினொன்று. ஆனால் அது எந்த ஊர்ச் சூரியன்? குளிர் காய வெளியே வந்து உட்காருகிறவர்கள் நாட்டில் வரைந்த சூரியன். எட்டு மாதத்தில் அந்த வெள்ளைக்காரர் தோல் உரிந்து போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். நம் ஊரோ சிவன் நெருப்பாகவே நிற்கும் அக்னித் தலம். முந்தின நாளே டீக்கடைக்காரரிடம் இதைச் சொல்லியிருந்தேன். வாழ்நாளில் கேமராவைத் தொட்டிராத அவர், "நம்ம வெயிலுக்கு அந்தச் சீட்டு பத்தாதுபா, நல்லா கம்மி பண்ணிக்கோ" என்று உறுதியாகச் சொன்னார்.

ஓட்டையைச் சுருக்கி இருபத்திரண்டு வைத்தேன். நேரத்தையும் ஒரு படி குறைத்தேன்.

"சீக்கிரம்ண்ணா, கால் சுடுது!"

"ரொம்ப சுடுதா?"

"நின்னு பாரேன்!"

அப்படியானால் இன்னும் ஒரு படி குறைத்துக்கொள்வோம் என்று குறைத்தேன். காலை மாற்றி மாற்றி வைத்தபடி அவள் சிரித்த நேரம் பார்த்து அமுக்கினேன்.

கழுவிக் கொடுத்த ஸ்டூடியோக்காரர் படத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். "இன்னாபா, கிரகணத்துல எடுத்தியா?"

பளிச்சென்று தெரிந்தது பல் மட்டும். கொஞ்சம் வெளுப்பாக்க முடியுமா என்று தரையைப் பார்த்துக் கேட்டேன்.

"நெகட்டிவ்ல இருந்தாத்தான பிரிண்ட்ல வரும்?"

வீட்டில் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "கூடப் பொறந்தவள அடுப்புக் கரியாட்டம் எடுத்து வெச்சிருக்கான் பாரு!"

தங்கைதான் விசாரித்தாள். "ஏண்ணா கம்மி பண்ண?"

"வெயில் ஜாஸ்தியா இருந்துச்சு."

"சூடு ஜாஸ்தியா, வெளிச்சம் ஜாஸ்தியா?"

எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. அவள் டியூப்லைட்டைப் போட்டாள். "அடுப்புல கங்கு இருக்குது, எவ்ளோ சூடு! அத வெச்சு பேப்பர் படிப்பியா? இத தொட்டுப் பாரு, சூடே இல்ல. இதுல படிக்கலாம். உன் கேமராவுக்குக் காலா இருக்குது, சுடறதுக்கு?"

ஸ்டூலில் ஏறித் தொட்டுப் பார்த்தேன். கேமரா கைக்கு வந்த நாளிலிருந்து யாரிடமும் கேட்கத் தயங்கியது அங்கே முடிந்தது.

மறுபடி எடுக்க நேரம் இல்லை. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்குப் போகவேண்டிய தரகர் வாசலில் நின்றார். பவுடர் போட்டோவை எடுக்கப் போன அம்மாவின் கையைத் தள்ளிவிட்டு, தங்கை அந்தக் கரிப் படத்தைக் கவரில் போட்டுக் கொடுத்தாள்.

"இதப் பாத்துட்டு அவங்க வரவே மாட்டாங்கடி."

"வரலன்னா பஜ்ஜி மிச்சம்."

வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தங்கையைப் பார்த்தார், மடியில் இருந்த படத்தைப் பார்த்தார், திரும்பவும் தங்கையைப் பார்த்தார். "ஏம்மா, போட்டோல வேற மாதிரி இருந்தியே?"

அதே வார்த்தை, ஐந்தாவது தடவை. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நேர்ல லட்சணமா இருக்க. இப்படி ஒரு போட்டோவ தைரியமா அனுப்பறவங்க பொய் சொல்லமாட்டாங்கன்னுதான் வந்தோம்."

ஸ்டூடியோப் படம் எவ்வளவு பொய்யோ அவ்வளவு பொய் என் படமும். எதிர்த் திசையில் போன பொய், அவ்வளவுதான். அம்மா என்னைப் பெருமையோடு பார்த்தாள். நான் பஜ்ஜித் தட்டை எடுத்து நீட்டினேன்.

தட்டு மாற்றியதும் விஷயம் தெருவில் பரவியது. பெண் வைத்திருக்கும் அம்மாக்கள், "அதே மாதிரி, கறுப்பா எடுத்துக் குடுப்பா, கைராசி" என்று கேட்டு வந்தார்கள். அதற்குள் எனக்குச் சரியான நம்பர் தெரிந்திருந்தது. முடியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, தெரிந்தே இருபத்திரண்டு வைத்தேன்.

தங்கையின் கல்யாணத்தில் மட்டும், அவளை வெயிலில் நிறுத்தி, சீட்டில் இருந்தபடி பதினொன்று. கூட்டாமல் குறைக்காமல், அவள் எப்படியோ அப்படியே வந்திருந்தாள். சட்டம் போட்டுக் கீழ்பென்னாத்தூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் மாமியார் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா கல்யாணப் போட்டோவாச்சே, ஸ்டூடியோக்காரர வெச்சிருந்தா கொஞ்சம் செவப்பா வந்திருக்கும்."

அவருக்குப் பின்னால் நின்ற என் தங்கை என்னைப் பார்த்தபடி, தரை சுடுவதுபோல ஒரு காலை மெல்லத் தூக்கிக் காட்டினாள்.